வேலிக்கால் ஏன் இற்றுப்போகிறது? உடைந்த இடத்தைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

வேலியில் ஒரு கால் சாய்ந்துவிட்டால் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு மரக்கடைக்குப் போகாதீர்கள். முதலில் சாய்ந்த காலை முழுதாகப் பிடுங்குங்கள். அடியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, ஒரு குத்தூசியும் கைக்கோடரியும் எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்காருங்கள். அது எங்கே கெட்டது, எந்த விதமாகக் கெட்டது என்பதைப் பார்த்தால்தான் அடுத்ததாக எந்த மரம் வாங்க வேண்டும், மரத்தை மாற்றத்தான் வேண்டுமா என்பதே தெரியும்.

இதை நான் செலவழித்துக் கற்றுக்கொண்டேன். தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு முள்கம்பி வேலி போட்டபோது, தேக்குக் கால் என்று சொல்லி 140 கம்பம் வாங்கினேன். எல்லாம் நேராக, அழகாக, 4 அங்குலக் கனத்தில் இருந்தன. மூன்றாவது ஐப்பசி மழையில் ஒரு பக்கம் முழுக்கச் சரிந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்து, ஒடிந்த முனையை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். பிட்டு மாதிரி உதிர்ந்தது. "கண்ணு, நீ வாங்குனது தேக்கு இல்ல, தேக்கோட தோலு" என்றார். அவருடைய வேலியில் நான் பிறப்பதற்கு முன் நட்ட வேலாங்கால்கள் இன்றும் நிற்கின்றன.

அவர் சொன்னது முழுக்க உண்மை. எந்த மரத்திலும் இரண்டு பகுதி உண்டு. நடுவே நிறம் கறுத்து இறுகிய பகுதியை வைரம் என்கிறோம். சேகு என்றும் ஆசாரிகள் சொல்வார்கள். அதைச் சுற்றி வெளிறிய நிறத்தில் இருப்பது வெள்ளை. உயிரோடு இருக்கும்போது நீரையும் சத்தையும் கொண்டுசென்ற பகுதி இந்த வெள்ளைதான். அதனால் அதில் மாவுச்சத்து இருக்கும். பூஞ்சைக்கும் வண்டுக்கும் கரையானுக்கும் அது சாப்பாடு. வைரத்தில் மரம் தன் கழிவுகளையும் கசப்பான எண்ணெய்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. மண்ணில் நின்று தாங்குவது அந்தப் பகுதி மட்டுமே. தேக்கானாலும் சரி, வேம்பானாலும் சரி, வெள்ளைக்கு ஆயுள் கிடையாது.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் மரங்களின் ஆயுளை அளக்க, மாதிரிக் கட்டைகளை மண்ணில் பாதி புதைத்து வைத்து வருடக்கணக்கில் பார்த்தார்கள். சராசரி 120 மாதத்துக்கு மேல் தாங்கினால் முதல் வகுப்பு, 60 முதல் 120 மாதம் வரை இரண்டாம் வகுப்பு, 60 மாதத்துக்குக் கீழே மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பு என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த வகுப்பு வைரத்துக்குக் கொடுத்தது. தோப்பில் நெருக்கம் குறைக்க வெட்டித் தள்ளிய இளந்தேக்கில் விரல் கனத்துக்குத்தான் வைரம் இருக்கும். பெயர் தேக்கு, ஆயுள் சவுக்கு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 5 அங்குல விட்டமுள்ள கால். சுற்றிலும் 1 அங்குலம் வெள்ளை. வெள்ளை இற்றுப்போனால் மிஞ்சுவது 3 அங்குலம். ஒடியாமல் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 5×5×5 என்றால் 125. 3×3×3 என்றால் 27. ஐந்தில் ஒரு பங்குதான் பாக்கி. கால் பார்வைக்கு நின்றுகொண்டிருக்கும், ஒரு எருமை உரசினால் போதும்.

தரைமட்டத்தில் ஒடிந்திருக்கிறது, மேலும் கீழும் நன்றாகவே இருக்கிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான். மண்ணுக்குள் 2 அடி புதைந்த அடிப்பகுதியைத் தோண்டி எடுத்தால் அது புதுசு போல இருக்கும், பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரம், காற்று இரண்டும் வேண்டும். தரைக்கு மேலே காற்று உண்டு, மழை நின்றதும் ஈரம் காய்ந்துவிடுகிறது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. தரைமட்டத்திலிருந்து கீழே ஒரு சாண் வரைக்கும் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. வேலிக்காலின் தலையெழுத்து அந்த ஒரு சாணில்தான்.

ஒடிந்த இடத்தைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள்.

சுற்றி மட்டும் பொரபொரவென்று இருந்து, நடுவில் குத்தூசி இறங்காமல் நின்றால், மரம் நல்ல இனம்தான், வைரம் போதவில்லை. அடுத்த முறை அதே மரத்தில் கனமாக வாங்குங்கள். வைரம் மட்டுமே 4 அங்குலம் தேறும்படி இருக்க வேண்டும். வெட்டிய உடனே ஆசாரியை வைத்துப் புதையும் பகுதியில் வெள்ளையைச் செதுக்கி எடுத்துவிடுவது இன்னும் நல்லது. வெள்ளை மக்கும்போது அந்த இடம் நெகிழ்ந்து கால் ஆடும். செதுக்கி நட்டால் வைரம் மண்ணை நேராகப் பிடித்துக்கொள்ளும்.

நடு வரைக்கும் குத்தூசி வெண்ணெயில் போல இறங்கினால், அது மண்ணுக்கே ஆகாத மரம். சவுக்கு, இளம் தைலமரம், மா, இலவு எல்லாம் இந்தக் கூட்டம். சாரம் கட்டவும் பந்தல் போடவும் சவுக்கு அருமையான மரம்; மருந்து ஏற்றாமல் மண்ணில் நட்டால் ஓரிரண்டு மழைக்குத்தான். தைலமரம் ஆஸ்திரேலியாவில் வேலிக்குப் பேர் போனது என்று சிலர் சொல்வார்கள். அங்கே அப்படிப் பேர் வாங்கியவை வயதேறி வைரம் பாய்ந்த சில இனங்கள். இங்கே காகித ஆலைக்காக ஐந்தாறு வருடத்தில் வெட்டும் மரம் வேறு.

வெளியே கெட்டியாக இருந்து நடுவே பொந்து விட்டிருந்தால், வாங்கும்போதே மரம் உள்ளே கெட்டிருக்கிறது, அல்லது அது பனை. பனையின் கதை தலைகீழ். பழந்தமிழில் இதற்கென்றே புறக்காழ், அகக்காழ் என்று இரண்டு சொற்கள் உண்டு. காழ் என்றால் வைரம். வேலமரத்துக்கும் தேக்கிற்கும் காழ் உள்ளே, பனைக்கும் தென்னைக்கும் வெளியே. முற்றிய பனையைப் பிளந்து உள்சோற்றை முழுக்கச் செதுக்கிவிட்டு வெளிவைரத்தை மட்டும் நட்டால் நன்றாக உழைக்கும். சோற்றோடு நட்டால் அது ஈரத்தைக் குடித்துக் காலை உள்ளிருந்தே கெடுக்கும். இப்போது தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதால், பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் கைமரங்களைத்தான் நான் தேடிப் போகிறேன்.

இன்னொன்று. கால் அடியில் சிமெண்ட் ஊற்றியிருந்தால் அதையும் பாருங்கள். மரம் காயும்போது சுருங்கும், சிமெண்ட் சுருங்காது. இடையில் விழும் சந்தில் மழைத்தண்ணீர் டம்ளரில் நிற்பது போல நிற்கும். கல்லுக்காலுக்கு சிமெண்ட் சரி. மரக்காலுக்குக் குழியின் அடியில் ஒரு கை உயரம் சரளை போட்டு, மேலே மண்ணும் சரளையும் கலந்து அரை அடிக்கு ஒருமுறை கடப்பாரையின் மழுங்கிய முனையால் இடித்து இறுக்கி, கடைசியில் கால் அடியில் மண்ணைக் கூம்பாக அணைத்துவிடுவது போதும். தண்ணீர் விலகி ஓடும்.

மேலே மண்கூடு ஏறியிருக்கிறது, தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிறது

கரையான். செம்மண் காட்டில் இது அதிகம். கையால் மண்கூட்டைத் தட்டிவிட்டால் போய்விட்டதாக நினைப்போம். மண்ணுக்குள்ளே வழி அப்படியே இருக்கும். கோடரியால் ஒரு கொத்து கொத்திப் பாருங்கள். வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு வைரத்தை விட்டிருந்தால் கால் இன்னும் நிற்கும், விட்டுவிடலாம். வைரத்துக்குள்ளும் மண் ஏறியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

வேம்பைக் கரையான் தொடாது என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. முற்றிய வேம்பின் சிவந்த வைரத்துக்கு அந்தக் குணம் ஓரளவு உண்டு. கை கனமுள்ள இளவேம்பைக் கரையான் இரண்டே வருடத்தில் தின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இலை கசக்கிறது என்பதற்காகக் கட்டையை நம்பக் கூடாது.

கரையான் உள்ள காட்டில் என் கை முதலில் போவது சீமைக் கருவேலத்துக்கு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே கொண்டுவரப்பட்டு, இன்று கண்மாய்களையும் தரிசுகளையும் அடைத்து நிற்கும் மரம். அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை உத்தரவு போட்டாயிற்று. அகற்றிய மரத்தைக் கரியாக்குகிறார்கள். அடிமரத்தை அறுத்துப் பாருங்கள்: வெள்ளை மெல்லிய வளையம், மீதி முழுக்கக் கரும்பழுப்பு வைரம். மண்ணில் சீக்கிரம் மக்காது, கரையானும் எளிதில் ஏறாது. நேராகக் கிடைக்காது என்பதுதான் குறை. வேலிக்கு நேர் தேவையில்லை. அடியும் நுனியும் ஒரே கோட்டில் வந்தால் போதும், நடுவில் வளைந்தால் கம்பி கோபித்துக்கொள்ளாது. கருவேலமும் வெள்வேலமும் இதற்கு இணையானவை, வைரம் ஏறும் வயது வரைக்கும் காத்திருந்தால். ஆச்சா மரம் கிடைத்தால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஆனால் பட்டா நிலத்தில் முறையாக வெட்டியதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சின்னச் சின்ன ஓட்டை, கீழே மாவு கொட்டியிருக்கிறது

நட்டு சில மாதத்திலேயே, அதுவும் தரைக்கு மேலே காய்ந்த பகுதியில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் மஞ்சள் மாவும் தெரிந்தால், பூஞ்சையும் இல்லை, கரையானும் இல்லை. மரம் உளுக்கிறது. வெள்ளையில் உள்ள மாவுச்சத்துக்காக வரும் வண்டின் புழு செய்யும் வேலை அது. மூங்கிலிலும் வேலாங்காலிலும் சகஜம். பட்டையோடு அடுக்கி வைத்த மரத்தில் ஒரு வாரத்துக்குள்ளேயே வண்டு வந்து பட்டைக்கடியில் குடியேறிவிடும்.

ஓட்டை விழுந்த காலைப் பயந்து பிடுங்க வேண்டாம். குத்தூசியால் ஆழம் பாருங்கள். வெள்ளையோடு நின்றிருந்தால் உள்ளே வைரம் பத்திரம். மூங்கிலில் மட்டும் இது கதையை முடித்துவிடும், அதற்கு ஒதுங்க வைரம் என்று தனியாக ஒன்றில்லை.

இதைத் தடுக்கும் வழியை நம் முன்னோர்கள் செய்துகொண்டே இருந்தார்கள். வெட்டிய அன்றே பட்டையை உரித்துவிடுவது. பிறகு கட்டுக் கட்டாகக் குட்டையிலோ கண்மாயிலோ சில வாரம் ஊறப்போடுவது. தண்ணீரில் மாவுச்சத்து கரைந்தும் புளித்தும் போய்விடும். வெளியே எடுக்கும்போது நாற்றம் குடலைப் புரட்டும், ஆனால் வண்டுக்கு அந்த மரத்தில் வேலை இருக்காது. தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதையும் நான் மீறுவதில்லை. என்றாலும் பட்டை உரிப்பதையும் ஊறப்போடுவதையும் விட்டுவிட்டுத் தேய்பிறையை மட்டும் நம்பாதீர்கள். ஊறல் வெள்ளையை வண்டிடமிருந்து காக்கும், தரைமட்டப் பூஞ்சையிடமிருந்து காக்காது.

தார் பூசினேன், அடியைத் தீயில் வாட்டினேன், அப்படியும் போய்விட்டது

பச்சை மரத்தில் தார் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. மரம் காய்ந்து வெடிக்கும்போது தாரும் வெடிக்கும். அந்தக் கீறலில் மழைத்தண்ணீர் இறங்கும். உரித்துப் பார்த்தால் தார் சட்டை மாதிரி நிற்கும், உள்ளே மரம் இருக்காது. அடியைத் தீயில் வாட்டுவதும் அப்படித்தான்: மேலே ஒரு நூல் கனம் கரியாகிறது, வெப்பத்தில் விழுந்த வெடிப்புகள் அதைத் தாண்டிப் போகின்றன. பழைய என்ஜின் ஆயிலைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். மரத்துக்குள் போவது கொஞ்சம், மண்ணுக்குள் போவது மீதி முழுவதும்.

பூச்சுக்கும் ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே விஷயம். மருந்து மரத்துக்குள் ஏற வேண்டும். அப்படி ஏற்றும் மருந்துகளில் உலகெங்கும் பரவிய ஒன்றைத் தந்தவர் ஓர் இந்தியர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் கலந்த மருந்தைக் கண்டுபிடித்தார். செம்பு பூஞ்சையைத் தடுக்கும், ஆர்செனிக் கரையானைத் தடுக்கும், குரோமியம் இரண்டையும் மழையில் கரையவிடாமல் மரநாரோடு பிடித்து வைக்கும். உலகெங்கும் மின்கம்பங்களும் வேலிக்கால்களும் இந்த மருந்தில் நின்றன. ஆர்செனிக் பயத்தால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கிக்கொண்டார்கள். செம்பை முதன்மையாகக் கொண்ட வேறு மருந்துகள் அந்த இடத்துக்கு வந்தன.

மருந்து ஏற்றிய கால் வாங்குவதானால் இதுவரை சொன்னதைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். வைரத்துக்குள் மருந்து ஏறாது, வெள்ளைதான் குடிக்கும். ஆகவே சவுக்கும் இளந்தைலமும் மருந்துக்கு நல்ல மரங்கள், வெள்ளையைச் செதுக்கவே கூடாது. ஏற்றிய காலை நீளம் குறைக்க அறுத்தால், மருந்தில்லாத நடு மரம் வெளியே தெரியும். அறுத்த முனை வானத்தைப் பார்க்கட்டும், மண்ணுக்குள் போக வேண்டாம். மருந்து ஏற்றிய மரம் கெட்டுப்போய் என்னிடம் காட்டியவர்களில் பெரும்பாலோர் செய்த தவறு இதுதான். துண்டுகளை அடுப்பில் எரிக்காதீர்கள். ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் தங்கும். மாட்டுத் தொட்டி ஓரத்திலும் இந்தக் காலை நட வேண்டாம்.

ஆணி கழன்று கம்பி தொங்குகிறது

பச்சையாக நட்டிருக்கிறீர்கள். மரம் காய்ந்து சுருங்கியதும் ஆணியின் பிடி விட்டது. கொஞ்சம் பெரிய யு ஆணியாக, மரத்தின் ரேகைக்குக் குறுக்கே சாய்த்து அடியுங்கள்; இரண்டு காலும் ஒரே ரேகையில் விழுந்தால் கட்டை பிளக்கும். நன்றாகக் காய்ந்த கருவேலத்தில் ஆணி வளைந்துவிடும், துளை போட்டுத்தான் அடிக்க வேண்டும். அந்தத் தொல்லை வைரத்துக்குச் சாட்சி.

தலை பிளந்து தண்ணீர் இறங்கியிருந்தால், நுனியைச் சாய்வாக அறுத்துவிட்டால் போதும்.

மரம் நன்றாக இருக்கிறது, ஆனால் சாய்ந்துவிட்டது

இங்கே மரத்தின் மேல் பழி போடாதீர்கள். மூலைக்காலா என்று பாருங்கள். கம்பியின் இழுவை முழுக்க மூலைக்காலுக்குத்தான் வருகிறது. அதற்கு மற்றக் கால்களைவிட ஒன்றரை மடங்கு கனமும், 3 அடி ஆழமும், கம்பி போகும் இரண்டு திசையிலும் முட்டுக்காலும் வேண்டும். நடுக்கால்கள் சாய்ந்திருந்தால் மண்ணைப் பாருங்கள். கரிசல் மழையில் உப்பும், கோடையில் பாளமாக வெடிக்கும். 2 அடிக்குக் குறைவாக நட்ட எதையும் அசைத்து அசைத்து வெளியே தள்ளிவிடும். வெடிப்பு இறங்கும் ஆழத்துக்குக் கீழே அடி போக வேண்டும்.

மரக்கடையில் பார்க்க வேண்டியது

"தேக்குங்க, பத்து வருசத்துக்கு அசையாதுங்க" என்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு அடிமுனையைப் பாருங்கள். பல இடத்தில் முனையில் செம்மண்ணோ சாயமோ பூசியிருக்கும். அரை அங்குலம் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். கறுத்த வட்டம் குறுக்களவில் எத்தனை விரற்கடை என்று எண்ணுங்கள். நுனியைவிட அடியில் வைரம் அதிகம் என்பதால் அடிமரம் எப்போதும் மண்ணுக்குள் போகட்டும். பிறகு கோடரியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு: கணீரென்றால் வாங்கலாம். ஒரே பருமனுள்ள இரண்டு காய்ந்த கால்களில் எதைத் தூக்கினால் கை வலிக்கிறதோ அதை எடுங்கள்.

உயிர்க்கால் நட்டேன், துளிர்க்காமல் காய்ந்துவிட்டது

சாகாத வேலிக்கால் என்றால் அது வேர்விட்ட கால்தான். எங்கள் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலிகள் தலைமுறை தாண்டியவை. யாழ்ப்பாணத்தில் இதற்குக் கதியால் என்றே பெயர். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்று நட்டு வளர்க்கிறார்கள். மக்குவதும் இல்லை, மாட்டுக்குத் தழையும் ஆயிற்று.

காய்ந்துபோன காலைப் பிடுங்கி அடியை மோந்து பாருங்கள். அழுகிய வாடை வந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. வாடை இல்லாமல் பட்டை சுருங்கியிருந்தால் வெட்டியது இளங்கொப்பு, அல்லது வெட்டி நாள்கணக்கில் வெயிலில் போட்டிருக்கிறீர்கள். பட்டை அங்கங்கே உரிந்திருந்தால் கடப்பாரையால் குழி போடாமல் காலையே அடித்து இறக்கியிருக்கிறீர்கள். தலைகீழாக நட்டுவிடுவதும் நடக்கும். வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால் குழம்பாது.

கிளுவையை இலை உதிர்ந்து நிற்கும் கோடையில், மணிக்கட்டு கனத்துக்குக் குறையாத முற்றிய கிளையாகப் பார்த்து வெட்டுங்கள். நிழலில் நிறுத்தி வைத்து வெட்டுக்காயம் காய்ந்ததும் முதல் மழைக்கு முன்னால் நட்டுவிடுங்கள். முதல் வருடம் அதில் ஆணி அடிக்காதீர்கள், கம்பியை இழுத்துக் கட்டவும் வேண்டாம். காற்றில் கம்பி அசையும்போது புதுவேர் அறுந்துபோகும். அதுவரைக்கும் பத்துக் காலுக்கு ஒன்றாக நட்ட சீமைக் கருவேலங்கால்கள் கம்பியைத் தாங்கட்டும்.